சி மொழிக்கு முதல் புத்தகம்: வாங்குவதற்கு முன் கடையிலேயே சோதித்துப் பார்ப்பது எப்படி?

நீடாமங்கலத்தில் மாலை வேளைகளில் சில மாணவர்களுக்கு சி மொழி சொல்லித் தருகிறேன். சென்ற ஆண்டு குறுவை அறுவடை நடந்துகொண்டிருந்த நேரத்தில், பாலிடெக்னிக்கில் முதலாண்டு படிக்கும் மாணவி ஒருத்தி வந்தாள். கையில் தடிமனான ஒரு சி புத்தகம். அக்கா படித்து, அக்காவின் தோழி படித்து, முதுகில் பழுப்புத் தாள் ஒட்டப்பட்டு அவளிடம் வந்து சேர்ந்தது. மூன்று நாட்களாக அதன் முதல் நிரலையே தட்டச்சு செய்துகொண்டிருந்திருக்கிறாள். இரண்டாவது வரியிலேயே, அப்படி ஒரு கோப்பே இல்லை என்று கணினி நின்றுவிடுகிறது. ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துச் சரிபார்த்தும் பிழை அகப்படவில்லை. "எனக்கு இது வராது சார்" என்றாள்.

அவள் தட்டச்சு செய்ததில் ஒரு புள்ளி கூடத் தப்பில்லை. அந்த இரண்டாவது வரி கேட்டது 'கோனியோ' (conio.h) என்ற தலைப்புக் கோப்பை. அது டர்போ சி காலத்துச் சரக்கு. போர்லாண்ட் நிறுவனம் 1987-இல் வெளியிட்ட அந்தக் கம்பைலர், அதாவது நாம் எழுதும் நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றித் தரும் மென்பொருள், டாஸ் என்ற பழைய இயங்குதளம் ஓடிய கணினிகளுக்காக உருவானது. அவளுடைய லேப்டாப்பில் இருப்பதோ லினக்ஸும் ஜிசிசி என்ற வேறொரு கம்பைலரும். புத்தகம் ஒரு கணினியை மனத்தில் வைத்துப் பேசுகிறது. அவள் வேறொரு கணினியின் முன் உட்கார்ந்திருக்கிறாள்.

இதில் என்னால் பொறுக்க முடியாதது ஒன்றுதான். புத்தகத்தின் குற்றத்தைப் புதிதாகப் படிக்க வருபவர் தன் தலையில் போட்டுக்கொள்கிறார். அனுபவம் உள்ளவருக்குப் புத்தகத்தைச் சந்தேகிக்கத் தெரியும். தொடக்கநிலையில் இருப்பவருக்கு அச்சில் வந்ததெல்லாம் வேதவாக்கு. ஆகவே முதல் புத்தகத்தை மட்டும் பெயரைக் கேட்டோ அட்டையைப் பார்த்தோ வாங்கக் கூடாது. கடையிலோ நூலகத்திலோ நின்றபடியே கால் மணி நேரத்தில் சோதித்துவிடலாம். அந்தச் சோதனைகளை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: கணினியைத் தயார் செய்துகொள்ளுங்கள்

புத்தகத்தைத் தேடிப் போகும் முன், உங்களிடம் ஓடும் கம்பைலர் எது என்று தெரிந்திருக்க வேண்டும். விண்டோஸ் என்றால் கம்பைலரோடு சேர்ந்து வரும் கோட் பிளாக்ஸ் போதும். லினக்ஸ் என்றால் ஜிசிசி. கைப்பேசி மட்டுமே இருக்கிறதா? டெர்மக்ஸ் செயலியில் கிளாங் என்ற கம்பைலரை நிறுவிக்கொள்ளலாம்; சிறு திரையில் கண் வலிக்கும், ஆனாலும் நிரல் ஓடும். ஒரே ஒரு வரியைத் திரையில் அச்சிடும் நிரலை எழுதி, ஓட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்குக் கிளம்புங்கள். ஜிசிசியிலும் கிளாங்கிலும் தொகுக்கும்போது 'வால்' (-Wall) என்ற தெரிவைக் கட்டளையோடு சேர்த்துக்கொள்ளும் பழக்கத்தை முதல் நாளே பிடித்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கைகளைக் காட்டு என்று கம்பைலரிடம் கேட்பது அது. நல்ல எச்சரிக்கை ஒன்று, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தரும் ஆசிரியருக்குச் சமம்.

நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். மேல்நிலையில் கணினி அறிவியல் எடுத்தவர்கள் பதினோராம் வகுப்பில் சி++, பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் படித்திருப்பார்கள். மாறி, நிபந்தனை, மடக்கு எல்லாம் அவர்களுக்குப் பழகியவை. கலைப்பிரிவிலிருந்தோ தொழிற்பிரிவிலிருந்தோ வருபவருக்கு எல்லாமே புதிது. முன்னவருக்குப் பொருந்தும் புத்தகம் பின்னவரை மிரட்டிவிடும்.

இரண்டாம் படி: தலைப்புப் பக்கத்தின் மறுபக்கம்

பதிப்புரிமை விவரம் இருக்கும் அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. படியுங்கள். மறு அச்சு வேறு, திருத்திய பதிப்பு வேறு. போன ஆண்டு அச்சான தாளில் முப்பது ஆண்டுக்கு முந்தைய பாடம் இருக்கக்கூடும். மை காயாத புத்தகம் என்பதால் பாடம் புதிது என்று ஆகிவிடாது. சி மொழிக்கு முதல் அமெரிக்கத் தரநிலை வந்தது 1989-இல். பிறகு 1999-இலும் 2011-இலும் பெரிய திருத்தங்கள் வந்தன. அண்மையது சி23, அது 2024-இல் வெளியானது. முன்னுரையிலோ பொருளடக்கத்திலோ சி99 அல்லது சி11 என்ற பெயர் கண்ணில் பட்டால் நல்ல அறிகுறி. தொடக்கநிலையில் இருப்பவருக்கு ஆகப் புதிய தரநிலை அவசியமில்லை. 1999-க்குப் பிந்தைய பழக்கங்களைச் சொல்லித் தரும் புத்தகமே போதுமானது.

மூன்றாம் படி: முதல் நிரல் உள்ள பக்கம்

இங்கேதான் பாதிப் புத்தகங்கள் தோற்றுவிடும். அந்தப் பக்கத்திலும் அடுத்த சில பக்கங்களிலும் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்.

ஒன்று, மேலே சொன்ன கோனியோவும், அதைச் சார்ந்து திரையைத் துடைக்க எழுதும் 'கிளியர் ஸ்கிரீன்' (clrscr) வரியும். இவை சி மொழியின் தரநிலையிலேயே இல்லை. ஒரு நிறுவனம் தன் கம்பைலரோடு சேர்த்துக் கொடுத்த வசதிகள் மட்டுமே.

இரண்டு, நிரல் ஓடத் தொடங்கும் இடமான மெயின் ஃபங்ஷன் 'வாய்ட்' என்று தொடங்குகிறதா, 'இன்ட்' என்று தொடங்குகிறதா என்பது. நிரல் முடிந்ததும் நல்லபடியாக முடிந்ததா இல்லையா என்று இயங்குதளத்துக்கு ஓர் எண்ணைத் திருப்பித் தர வேண்டும், அதனால்தான் இன்ட். வாய்ட் மெயின் எழுதினாலும் பெரும்பாலும் நிரல் ஓடிவிடும். ஆனால் தரநிலையை ஒரு முறையாவது புரட்டிப் பார்த்தவர் எழுதிய புத்தகமா என்பதை இந்த ஒற்றைச் சொல் காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்று, பயனரிடமிருந்து ஒரு பெயரை வாங்கும் இடத்தில் 'கெட்ஸ்' (gets) பயன்படுத்தியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றிலும் மோசமானது இதுதான். பத்து எழுத்துக்கு இடம் ஒதுக்கி வைத்துவிட்டு கெட்ஸை அழைத்தால், பயனர் ஐம்பது எழுத்தைத் தட்டினாலும் அது வாங்கிக்கொண்டே போகும். மீதி எழுத்துகள் பக்கத்து நினைவகத்தின் மேல் விழும், கரை உடைந்த வாய்க்கால் அடுத்தவர் வயலை மூழ்கடிப்பதைப் போல. 1988 நவம்பரில் இணையத்தை ஸ்தம்பிக்க வைத்த மோரிஸ் புழு, இந்த ஓட்டையையும் பயன்படுத்தித்தான் கணினிகளுக்குள் நுழைந்தது. 2011 தரநிலையில் கெட்ஸ் மொழியிலிருந்தே நீக்கப்பட்டுவிட்டது. அதற்கு மாற்றாக 'எஃப்கெட்ஸ்' இருக்கிறது. எத்தனை எழுத்து வரை வாங்கலாம் என்று அதற்குச் சொல்லி அனுப்பலாம். இன்னமும் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கெட்ஸ் சொல்லித் தரும் புத்தகத்தை வாங்காதீர்கள்.

நான்காம் படி: இன்ட் எத்தனை பைட்?

தரவு வகைகளுக்கான அட்டவணையைத் திறங்கள். முழு எண் வகையான இன்ட் 2 பைட், வீச்சு -32768 முதல் 32767 வரை என்று மட்டும் போட்டு, வேறு விளக்கம் இல்லை என்றால் அது டர்போ சி காலத்துப் பாடம். இன்றைய கணினிகளில் பொதுவாக 4 பைட். 2147483647 வரை பிடிக்கும். அளவு கம்பைலருக்குக் கம்பைலர் மாறும் என்று சொல்லி, 'சைஸ்ஆஃப்' போட்டு உங்கள் கணினியிலேயே அளந்து பாருங்கள் என்று சொல்கிற புத்தகமே சரியானது.

இது வெறும் மனப்பாட விஷயம் இல்லையா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுவேன். எல்லாப் புத்தகத்திலும் தொடர்பெருக்கல் நிரல் ஒன்று இருக்கும். 1 முதல் 7 வரை பெருக்கினால் 5040. டர்போ சியிலும் சரியாக வரும். 8 வரை பெருக்கினால் 40320. அது 32767-ஐத் தாண்டிவிட்டதால் டர்போ சி -25216 என்று காட்டும். நேர்ம எண்களை மட்டுமே பெருக்கியிருக்கிறோம், விடையோ எதிர்மத்தில்! இன்றைய கணினியில் 12 வரை தாங்கும். 13-இல் அதே கூத்து நடக்கும். தன் நிரல் எந்த எண்ணில் உடையும் என்று வெளிப்படையாகச் சொல்லும் ஆசிரியரை நீங்கள் நம்பலாம்.

ஐந்தாம் படி: ஏழு மா நிலம் காணாமல் போகிறதா?

நம் பக்கத்துக் கணக்கிலேயே ஒரு சோதனை உண்டு. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. தாத்தாவிடம் 47 மா நிலம் என்றால் எத்தனை வேலி, மீதி எத்தனை மா? சியில் 47 / 20 என்று எழுதினால் 2. 47 % 20 என்று எழுதினால் 7. இரண்டு வேலி ஏழு மா. அழகாக வந்துவிட்டது.

இப்போது 7 மா மட்டுமே வைத்திருப்பவரின் நிலத்தை வேலியில் சொல்லச் சொல்லி 7 / 20 என்று எழுதுங்கள். விடை 0. விடையை வாங்கிக்கொள்ளும் மாறியைத் தசம வகையாக அறிவித்தாலும் 0 தான், ஏனென்றால் வகுத்தல் முழு எண்களுக்கு இடையே ஏற்கெனவே முடிந்துவிட்டது. 7 / 20.0 என்று எழுதினால்தான் 0.35 வரும். என் வகுப்பில் இந்த இடத்தில் தடுக்கி விழாதவர் யாரும் இல்லை. உங்கள் கையில் உள்ள புத்தகத்தில் கணிதச் செயலிகள் பற்றிய அத்தியாயத்தைப் புரட்டி, இந்தப் பள்ளத்தைச் சுட்டிக்காட்டியிருக்கிறதா என்று பாருங்கள். செயலிகளை அட்டவணை போட்டுக் காட்டிவிட்டு அடுத்த தலைப்புக்கு ஓடுகிற புத்தகம், நீங்கள் விழும்போது பக்கத்தில் இருக்காது.

ஆறாம் படி: பாயின்டர் அத்தியாயத்தில் இரண்டு பக்கம்

நினைவகத்தில் ஒரு மதிப்பு இருக்கும் இடத்தின் முகவரியை வைத்திருக்கும் மாறிதான் பாயின்டர். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் நான் நேராகப் போவது இங்கேதான். சி படிப்பதை நிறுத்தியவர்களில் என்னிடம் வந்த பெரும்பாலோர் நிறுத்திய இடமும் இதுதான். உங்களுக்கு இப்போது அது புரியவில்லை என்றாலும் பரவாயில்லை. நூலாசிரியர் எப்படி விளக்குகிறார் என்பதை மட்டும் பாருங்கள்.

நான் வகுப்பில் புல எண்ணை வைத்துச் சொல்வேன். ஒரு துண்டுச் சீட்டில் 112 என்று எழுதியிருக்கிறது. அந்தச் சீட்டு வயல் ஆகாது. வயல் எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லும். சீட்டைப் பத்துப் படி எடுத்தாலும் வயல் ஒன்றுதான். சீட்டில் உள்ள எண்ணைப் பிடித்துப் போய் அங்கே நாற்று நட்டால், அதே எண்ணை வைத்திருக்கும் அடுத்தவரும் போய்ப் பார்க்கும்போது அந்த நாற்று இருக்கும். சீட்டில் எண்ணே எழுதாமல் வண்டியைக் கிளப்பினால் யார் வயலில் போய் இறங்குவோம் என்று தெரியாது. முகவரி, முகவரியில் உள்ள மதிப்பு, தொடக்க மதிப்பு தராத பாயின்டரின் ஆபத்து ஆகிய மூன்றையும் புத்தகமும் தன் வழியில் விளக்கியிருக்க வேண்டும். பெட்டி வரைந்து அம்புக்குறி போட்ட படங்கள் இருந்தால் மிகவும் நல்லது.

இன்னொரு சோதனை: இரண்டு எண்களை இடம் மாற்றும் ஃபங்ஷன். முதலில் பாயின்டர் இல்லாமல் எழுதிக் காட்டி, அது ஏன் வேலை செய்யவில்லை என்று விளக்கிவிட்டு, பிறகு பாயின்டரோடு எழுதிக் காட்டுகிறாரா? அப்படியானால் அவருக்குக் கற்பிக்கத் தெரியும். தோல்வியைக் காட்டாமல் சரியான விடையை மட்டும் காட்டினால், மாணவருக்கு பாயின்டர் எதற்கு என்றே தெரியாது. முதல் அத்தியாயங்களில் 'ஸ்கேன்எஃப்' எழுதும்போது மாறியின் பெயருக்கு முன் & குறியைப் போடு, காரணம் பிறகு சொல்கிறேன் என்று விட்டுவைத்திருப்பார்கள். அந்தக் கடனை இந்த அத்தியாயத்தில் தீர்க்கிறாரா என்றும் பாருங்கள்.

மதிப்புகளை வரிசையாக வைத்திருக்கும் அர்ரேயின் இட எண் ஏன் பூஜ்யத்தில் தொடங்குகிறது என்ற கேள்வியும் இங்கேயே முடிந்துவிடும். மதகிலிருந்து எத்தனை வயல் தள்ளி இருக்கிறது என்பதுதான் அந்த எண். மதகை ஒட்டிய முதல் வயல் பூஜ்யம் வயல் தள்ளி இருக்கிறது.

ஏழாம் படி: பயிற்சிகளின் தரம்

தேர்வுக்கான வழிகாட்டி நூல்களில் ஒரு மாறியை ஒரே வரியில் இரண்டு மூன்று முறை கூட்டிக் குறைத்து, விடை என்ன என்று கேட்கும் கேள்விகள் ஏராளம். அத்தகைய வரிக்கு விடை இன்னதுதான் என்று தரநிலை வரையறுக்கவே இல்லை. ஒரு கம்பைலர் ஒன்றைச் சொல்லும், மற்றொன்று வேறு சொல்லும். அதற்கு ஒரு விடையை அச்சிட்டு, அதுதான் சரி என்று சொல்லும் புத்தகம் தவறான பாடத்தைக் கற்றுத்தருகிறது. தேர்வுக்கு அந்த நூல் தேவைப்பட்டால் வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் மதிப்பெண்ணுக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் மொழியைக் கற்க வேறொன்று வேண்டும். உட்கார்ந்து தட்டச்சு செய்தால்தான் விடை கிடைக்கும் என்கிற பயிற்சிகள் ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் பத்தாவது இருக்க வேண்டும்.

தமிழா, ஆங்கிலமா?

தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. 1989 தரநிலைப்படி சி மொழியில் மொத்தமே 32 சிறப்புச் சொற்கள்தான். அவற்றைக் கற்க ஆங்கில இலக்கியம் தெரிய வேண்டியதில்லை. கருத்தைப் புரிந்துகொள்ளத் தமிழ்ப் புத்தகம் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். புரிதல் தாய்மொழியில் ஆழமாக இறங்கும். மேலே சொன்ன சோதனைகள் அதற்கும் பொருந்தும். மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் சி மொழிப் பாடங்கள் தமிழ்க் குரலிலும் கிடைக்கின்றன. கூடவே ஆங்கிலத்தில் ஒன்றையும் வைத்துக்கொள்ளச் சொல்வேன், ஏனென்றால் கம்பைலர் பிழைச் செய்தியை ஆங்கிலத்தில்தான் சொல்லும். ஆங்கிலப் புத்தகத்தில் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து படியுங்கள். ஒரு பத்தியில் ஐந்தாறு சொற்களுக்கு மேல் அகராதி தேவைப்பட்டால் அந்தப் புத்தகத்தை இப்போதைக்கு வைத்துவிடுங்கள்.

எல்லோரும் சொல்லும் அந்த ஒரு புத்தகம்

சி மொழியை உருவாக்கியவர் டென்னிஸ் ரிச்சி. அவரும் பிரையன் கெர்னிகனும் சேர்ந்து எழுதிய 'தி சி புரோகிராமிங் லாங்குவேஜ்' முதலில் 1978-இலும், வரவிருந்த தரநிலைக்கு ஏற்பத் திருத்தப்பட்டு 1988-இலும் வந்தது. முந்நூறு பக்கத்துக்குள் அடங்கும். வீண் சொல் கிடையாது. மூத்தவர்களைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வார்கள். நானும் இதை வணங்குகிறேன். ஆனால் முதல் புத்தகமாகப் பரிந்துரைக்க மாட்டேன். இது நிரலெழுதுவதற்கான அரிச்சுவடி அல்ல, மாறி, மடக்கு, ஃபங்ஷன் பற்றி ஓரளவு அறிந்தவர்களுக்கானது என்று நூலாசிரியர்களே முன்னுரையில் சொல்லிவிடுகிறார்கள். அதன் முதல் நிரலில் மெயினுக்கு முன் இன்ட் கூட இருக்காது. இன்றைய கம்பைலர் எச்சரிக்கும், சில நேரம் மறுத்தும் விடும்.

கும்பகோணத்தில் பள்ளி மாணவராக இருந்த ராமானுஜனின் கைக்கு 1903-இல் கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த கணித முடிவுகளின் பெருந்தொகுப்பு வந்து சேர்ந்தது. ஆயிரக்கணக்கான சூத்திரங்கள், நிரூபணம் பெயரளவுக்குத்தான். அவற்றைத் தாமே நிறுவிப் பார்த்து அவர் வளர்ந்தார். அதே புத்தகத்தை வேறொரு மாணவரிடம் கொடுத்திருந்தால் கணக்கையே வெறுத்திருப்பார். கெர்னிகன்-ரிச்சியை இரண்டாவது புத்தகமாக வையுங்கள். ஆறு மாதம் கழித்துப் படிக்கும்போது ஒவ்வொரு வரியும் இனிக்கும்.

முதல் புத்தகமாக ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால், கே. என். கிங் எழுதிய 'சி புரோகிராமிங்: எ மாடர்ன் அப்ரோச்' நூலின் 2008-ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பைச் சொல்வேன். சி99-ஐ உள்ளடக்கியது, ஒவ்வொரு பள்ளத்தையும் காட்டிவிட்டுத்தான் நகரும், அத்தியாய முடிவில் பயிற்சிகள் தனியாகவும் நிரல் திட்டங்கள் தனியாகவும் இருக்கும். எண்ணூறு பக்கத்துக்கு மேல் என்பதும் விலை கூடுதல் என்பதும்தான் குறை. பாதியைப் படித்தாலே மொழி கைவசமாகிவிடும்.

கடைசிப் படி: பத்து நாள் இரவல்

சீர்காழியில் 1892-இல் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது அவற்றில் இரண்டாவது. அந்த நூலைக் கண்டுபிடிக்கப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. மாவட்ட மைய நூலகத்திலோ கல்லூரி நூலகத்திலோ இரவல் வாங்கிப் பத்து நாள் வைத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், வாசிப்பு பாதி, தட்டச்சு பாதி. பத்தாம் நாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இந்த நிரலை எழுதுங்கள்: நெல்லின் எடையையும் ஈரப்பதத்தையும் கேட்டு வாங்க வேண்டும், ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்றால் காயவைத்துக் கொண்டுவரச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் 40 கிலோ சிப்பம் எத்தனை, மீதி எத்தனை கிலோ என்று காட்ட வேண்டும். 1850 கிலோவுக்கு 46 சிப்பமும் 10 கிலோவும் வர வேண்டும். எழுத முடிந்தால் அந்தப் புத்தகம் உங்களுக்கானது. காசு கொடுத்து வாங்குங்கள். முடியவில்லை என்றால் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்றை எடுங்கள்.

வீட்டில் பழைய புத்தகம்தான் இருக்கிறது, வேறு வாங்க இப்போது வழியில்லை என்பவர்கள் அதைத் தூக்கிப் போட வேண்டாம். கோனியோ வரியையும், திரையைத் துடைக்கும் வரியையும், ஒரு விசையை அழுத்தும் வரை காத்திருக்கக் கடைசியில் 'கெட்ச்' (getch) என்று நிற்கும் வரியையும் பென்சிலால் அடியுங்கள். வாய்ட் மெயினை இன்ட் மெயின் ஆக்குங்கள். கெட்ஸ் வரும் இடத்தில் எஃப்கெட்ஸ் எழுதுங்கள். இன்ட் அட்டவணையில் 4 பைட் என்று திருத்துங்கள். பெரும்பாலான நிரல்கள் ஓடத் தொடங்கிவிடும்.

அந்த மாணவியும் இதைத்தான் செய்தாள். முதல் நிரல் ஓடிய அன்று புத்தகத்தின் முன்தாளில் ஜிசிசியின் பெயரையும் பதிப்பு எண்ணையும் எழுதி, திருத்த வேண்டிய பக்க எண்களை அதன் கீழே வரிசையாகக் குறித்தாள். அடுத்த ஆண்டு அவள் தம்பி அதே பாலிடெக்னிக்கில் சேரப்போகிறான். புத்தகம் அவனிடம் போகிறது.